கொசஸ்தலைக் கரை வரலாறு – 17: பெல்லாரி வழியாக வந்த தபால்

சென்ற இதழில் ரயிலைப் பார்த்தோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. அதே நாளில் இன்னொரு வண்டி திருவள்ளூர் வரை ஓடியது. அந்தத் தண்டவாளம் நம் ஊர்ச் சந்தைகளையும் நெல் வியாபாரத்தையும் வீரராகவர் கோயில் அமாவாசைக் கூட்டத்தையும் எப்படி மாற்றியது என்று எழுதியிருந்தேன். அதற்கு 76 ஆண்டுகள் கழித்து, அதே வழியை ஒட்டி, ஆகாயத்தில் ஒரு பாதை திறந்தது. அதைத் திறந்தவர் போர் விமானியாக இருந்து தபால் விமானியாக மாறிய நெவில் வின்சென்ட். இந்த இதழ் அவருக்கானது.

இந்திய விமானப் போக்குவரத்தின் பிறந்தநாள் 1932 அக்டோபர் 15 என்று நாம் படித்திருக்கிறோம். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் ஒரு சிறு விமானத்தில் ஏறி, தபால் மூட்டையோடு பம்பாய் ஜூஹுவில் வந்து இறங்கினார். கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தத் தபால் சேவையின் பெயர் கராச்சி–பம்பாய் சேவை அல்ல, கராச்சி–சென்னை சேவை. பம்பாய் நடுவழி நிறுத்தம். அங்கிருந்து சென்னை வரை மூட்டையைச் சுமந்து பறந்தவர் வின்சென்ட். அந்தப் பாதிதான் நம் தலைக்கு மேல் நடந்தது. நாடு நினைவில் வைத்திருப்பதோ மற்ற பாதியை மட்டும்.

வின்சென்ட் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் வான்படையில் விமானியாகப் பணியாற்றி, வீரச் செயலுக்கான டி.எஃப்.சி. பதக்கம் பெற்றவர். முதல் உலகப்போர் முடிந்த பிறகான அந்த ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஒரே பிரச்சினை. பறக்கத் தெரிந்த இளைஞர்கள் ஏராளம், பறப்பதற்கு வேலை இல்லை. போருக்காகச் செய்து குவித்த விமானங்களை அரசுகள் மலிவாக விற்றுக்கொண்டிருந்தன. ராணுவத்தை விட்டு வந்தவர்கள் பலர் அவற்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் இறங்குவது, கூட்டம் சேர்ப்பது, காசு வாங்கிக்கொண்டு ஒருவரை ஏற்றி வானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டி இறக்கிவிடுவது. இதுதான் அவர்களுடைய பிழைப்பு. நம் ஊர்த் திருவிழாவுக்கு ராட்டினக்காரர் வருகிற மாதிரி அவர்கள் வந்துபோனார்கள்.

1929 வாக்கில் வின்சென்ட் தன் கூட்டாளி நியூவாலுடன் இந்தியாவுக்கு வந்தார். அவர்களிடம் இருந்தவை போர்க்காலத்து டி.ஹெச்.9 ரக விமானங்கள். அவற்றில் மக்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள், மேலிருந்து நிலத்தைப் படம் எடுத்துத் தரும் வேலையும் செய்தார்கள். இந்த நாடோடி வாழ்க்கைதான் வின்சென்ட்டுக்கு இந்தியாவைக் கற்றுக்கொடுத்தது என்பது என் எண்ணம். எந்த ஊரில் இறங்க இடம் உண்டு, எந்த மலைக்குப் பக்கத்தில் காற்று புரட்டும், மழைக்காலத்தில் எந்தத் தரை சேறாகும் என்பதெல்லாம் ஊர் ஊராகப் பறந்தவருக்குத்தான் தெரியும். பம்பாய் அலுவலகத்தில் அமர்ந்து திட்டம் போடுகிறவருக்கு அது கிடைக்காது.

அப்போது லண்டனில் இருந்து ஒரு செய்தி வந்திருந்தது. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929 மார்ச் 30-ஆம் தேதி லண்டன்–கராச்சி விமானத் தபால் சேவையைத் தொடங்கியது. லண்டன் கடிதம் ஒரு வார அளவில் கராச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு? கராச்சியிலிருந்து தெற்கே வர வேண்டிய கடிதம் ரயிலேறி, வண்டி மாறி, பழைய வேகத்தில் நகர வேண்டும். கண்டங்களைத் தாண்டும்போது மிச்சப்படுத்திய நேரத்தை இந்தியாவுக்குள் வந்தபின் இழக்க வேண்டியிருந்தது. பாரிமுனையில் கப்பல் சரக்குக்காகவும் வங்கிச் சீட்டுக்காகவும் காத்திருந்த நிறுவனங்களுக்கு இது பெரிய தலைவலி.

இந்த இடைவெளியை வின்சென்ட் பார்த்தார். கராச்சியில் லண்டன் தபாலை வாங்கி அகமதாபாத், பம்பாய் வழியாகச் சென்னை வரை கொண்டுபோக ஒரு விமானச் சேவை. இந்த யோசனையோடு முதலில் அவர் அணுகியது பம்பாய்ச் செல்வந்தர் சர் ஹோமி மேத்தாவை. அவருக்கு ஆர்வம் இல்லை. அடுத்து ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் போனார். ஜே.ஆர்.டி.க்கு அப்போது இருபத்தைந்து வயது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பெற்றிருந்தார். யோசனை அவரை உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் பணம் அவர் கையில் இல்லை. டாட்டா நிறுவனத்தின் தலைவர் சர் தோராப்ஜி டாட்டா சம்மதிக்க வேண்டும். வயதாகி, உடல்நலம் குன்றி, புதிய முயற்சிகளில் தயக்கம் கொண்டிருந்தவரிடம் ஜே.ஆர்.டி.யின் வழிகாட்டி ஜான் பீட்டர்சன் பேசினார். முதலீடு அதிகமில்லை, பையன் ஆசைப்படுகிறான், விட்டுவிடுங்கள் என்ற தொனியில் அந்த வாதம் அமைந்தது. இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சம்மதம் கிடைத்தது.

அதற்கு மேல்தான் உண்மையான தடை. அரசு. உலகப் பொருளாதார நெருக்கடி நாட்டை அழுத்திக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மானியம் கேட்டால் மறுப்பு. மறுபடி எழுதினால் மறுபடி மறுப்பு. மூன்று ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் டாட்டா நிறுவனம் தன் கோரிக்கையைத் தலைகீழாக மாற்றியது: மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலுக்கு உரிய கட்டணத்தை மட்டும் கொடுங்கள், நஷ்டம் வந்தால் எங்களுடையது. அதை மறுக்க அரசிடம் காரணம் இல்லை. 1932 ஏப்ரலில் பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூன் மாதம் தோராப்ஜி ஜெர்மனியில் காலமானார். தான் ஒப்புக்கொண்ட விமானம் பறப்பதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

கையில் இருந்த சொத்து இரண்டு டி ஹாவிலாண்ட் புஸ் மாத் விமானங்கள். பறக்க ஜே.ஆர்.டி., வின்சென்ட், ஹோமி பரூச்சா ஆகிய மூவர். துணைக்குச் சில மெக்கானிக்குகள். ஜூஹுவில் கடலோரமாய் ஒரு மண் தரை. மழைக்காலத்தில் அது தண்ணீரில் மூழ்கும், அப்போது மொத்த நிறுவனமும் மூட்டை முடிச்சோடு புனாவுக்குப் போய் எரவாடா சிறைக்குப் பக்கத்து மைதானத்திலிருந்து பறக்கும். அந்த ஆண்டில் எரவாடாச் சிறைக்குள் இருந்தவர் காந்தி. முதல் தபால் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 24-ஆம் தேதிதான் அங்கே புனா ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. நாட்டின் பேச்சும் கவலையும் வேறு திசையில் இருந்த நேரத்தில் இந்தச் சிறிய விமானம் பறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அக்டோபர் 15 காலை ஆறரை மணியளவில் ஜே.ஆர்.டி. கராச்சி டிரிக் ரோடு விமானத் திடலிலிருந்து கிளம்பினார். சுமார் 25 கிலோ தபால். அகமதாபாத்தில் பர்மா ஷெல் நிறுவனம் மாட்டுவண்டியில் டின் டின்னாய்க் கொண்டுவந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஜூஹுவில் இறங்கினார். இது பலரும் எழுதிய பகுதி, இதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. பம்பாய்க்குரிய கடிதங்களை இறக்கிய பிறகு, சென்னைக்குரியதை எடுத்துக்கொண்டு வின்சென்ட் புறப்பட்டார். பொழுது சாயும் முன் பெல்லாரிக்குப் போய்ச் சேர வேண்டும். இருட்டில் பறக்க எந்த வசதியும் கிடையாது. தரையில் விளக்கு இல்லை, விமானத்தில் ரேடியோ இல்லை. எனவே இரவு பெல்லாரியில் தங்கல்.

பெல்லாரி என்றதும் இன்று நமக்குக் கர்நாடகம் நினைவுக்கு வரும். அன்று அது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1953 வரை அப்படித்தான் இருந்தது. ஆக, வின்சென்ட் அந்த இரவு தங்கியதும் சென்னை ஆட்சிக்குட்பட்ட ஊரில்தான். மறுநாள், அக்டோபர் 16, அவர் சென்னையை நோக்கிக் கிளம்பினார்.

வாசகர்கள் ஒரு வரைபடத்தை எடுத்துப் பெல்லாரியையும் சென்னையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோட்டின் நீளம் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அது திருவள்ளூருக்கு மிக அருகில், சில கிலோமீட்டர் வடக்கே வந்து சென்னைக்குள் நுழைகிறது. அன்றைய விமானிகள் நேர்கோட்டில் மட்டும் பறக்கவில்லை. திசைகாட்டியும் கடிகாரமும் மடியில் ஒரு வரைபடமும்தான் கருவிகள் என்பதால், கண்ணுக்குத் தெரியும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் வழக்கம். அப்படிப் பார்த்தாலும் பெல்லாரி, குந்தக்கல், கடப்பை, ரேணிகுண்டா, அரக்கோணம் என்று வரும் ரயில் பாதை திருவள்ளூர் வழியாகத்தான் சென்னையை அடைகிறது. கோட்டைப் பிடித்தாலும் சரி, தண்டவாளத்தைப் பிடித்தாலும் சரி, சென்னைக்குள் நுழையும் வாசல் நம் ஊர்தான். இந்தத் தொடரில் வின்சென்ட்டுக்கு இடம் கொடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

புஸ் மாத் சிறிய விமானம். மேலே ஒற்றை அடுக்குச் சிறகு, நாலு பக்கமும் மூடிய அறை, 120 குதிரைத்திறன் எஞ்சின். மணிக்கு 160, 170 கிலோமீட்டர் வேகம். பெல்லாரியிலிருந்து சென்னை வர இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். கீழே முதலில் ராயலசீமையின் வறண்ட தரை. பிறகு பெண்ணையாறு. கடப்பை தாண்டியதும் மலைகள். சேஷாசலம், அதற்குத் தெற்கே கடலில் வரும் மாலுமிகளுக்குக்கூட அடையாளமாக விளங்கிய நகரி மூக்கு மலை. திருத்தணிக் குன்று. அதைத் தாண்டினால் நிலம் சட்டென்று தாழ்ந்து ஏரிகளின் நாடு தொடங்கும்.

அந்த வழியில் அன்று வந்தவர் கண்ணுக்கு நம் நாடு எப்படித் தெரிந்திருக்கும்? பூண்டி நீர்த்தேக்கம் இருந்திருக்காது. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது திட்டமிட்டு, 1944-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. கொசஸ்தலை ஆறு தன் மணல் படுகையோடு தடையின்றிக் கிழக்கே போய்க்கொண்டிருக்கும். சோழவரம் ஏரியும் புழல் ஏரியும் இடது கைப்பக்கம் தூரத்தில் மின்னும். திருவள்ளூரில் வீரராகவர் கோயில் கோபுரமும் தெப்பக்குளமும் மேலிருந்து பார்க்கும் விமானிக்குத் தப்பாத அடையாளம். கும்மிடிப்பூண்டி அன்று பொன்னேரிப் பக்கத்து ஒரு கிராமம், கல்கத்தா ரயில் பாதையில் ஒரு நிலையம். இரும்பு ஆலையும் சிப்காட்டும் வர இன்னும் நாற்பது ஆண்டு ஆக வேண்டும். அதற்கப்பால் பழவேற்காட்டு உப்பங்கழி. திருவள்ளூர் மாவட்டம் என்ற பெயரே கிடையாது, எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். ஏரிப்பாசனமும் நெல்லும் தவிர வேறு தொழில் அறியாத நாட்டுக்கு மேலே, லண்டனில் எழுதிய கடிதங்கள் அன்று பறந்து போயின.

அக்டோபர் 16 அன்று தபால் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அந்த நகருக்கு விமானம் புதிதல்ல. 1910-இலேயே மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டாஞ்சலிஸ் சொந்தமாக ஒரு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்து காட்டியிருந்தார். 1930 வாக்கில் சென்னையில் ஒரு ஃபிளையிங் கிளப்பும் வந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் வேடிக்கையும் விளையாட்டும். குறித்த நாளில், குறித்த சரக்கோடு, அடுத்த வாரமும் வருவேன் என்ற உறுதியோடு ஒரு விமானம் சென்னைக்கு வரத் தொடங்கியது அன்றுதான். விமானப் போக்குவரத்து என்று நாம் சொல்வது அந்த உறுதியைத்தான்.

அந்த உறுதி எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதில்தான் என் வியப்பெல்லாம். முதல் பயணத்தை யாரும் எப்படியாவது செய்துவிடலாம். ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் மூடிக்கிடக்கும்போது, ரேடியோ இல்லாமல், வானிலை அறிக்கை இல்லாமல், ஒற்றை எஞ்சினை நம்பி, வாராவாரம் அதே மலையைக் கடப்பது வேறு விஷயம். எஞ்சின் நின்றால் இறங்க வயல் தேட வேண்டும். மேகம் இறங்கினால் மலைக்கும் மேகத்துக்கும் இடையே வழி தேட வேண்டும். 1933 அக்டோபரில் ஓராண்டு நிறைந்தபோது, அந்த ஆண்டு முழுவதும் சேவை நூற்றுக்கு நூறு நேரம் தவறாமல் நடந்திருந்தது. மழைக்காலத்திலும் கராச்சியில் ஒருமுறைகூட இணைப்பு விமானம் தவறவில்லை, சென்னையில் ஒருமுறைகூடத் தபால் தாமதமாகக் கொடுக்கப்படவில்லை என்று அரசின் விமானத் துறையே தன் அறிக்கையில் பாராட்டியது. இம்பீரியல் ஏர்வேஸ் தன் ஆட்களை டாட்டாவிடம் அனுப்பிப் பாடம் கற்றுக்கொள்ளச் சொல்லலாம் என்ற அளவுக்கு அந்தப் பாராட்டு போனது.

முதல் ஆண்டுக் கணக்கு இது: 1,60,000 மைல் பறப்பு, 155 பயணிகள், பத்து டன்னுக்கு மேல் தபால், 60,000 ரூபாய் லாபம். மானியம் மறுத்த அரசுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறில்லை. 155 பயணிகள் என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதும் பறந்தவர்கள் அவ்வளவுதான், இன்று மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஒரே விமானத்தில் அடங்கிவிடுவார்கள். சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் இன்று விமானம் ஏறி ஊருக்குப் போய்வருகிறார்கள். அந்த 155 பேர் அன்று தபால் மூட்டைக்குப் பக்கத்தில், மூட்டைக்கு அடுத்த மரியாதையோடு உட்கார்ந்து பறந்தவர்கள்.

1935-இல் சேவை திருவனந்தபுரம் வரை நீண்டது. 1938-இல் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு. தமிழ் மண்ணையும் இலங்கையையும் விமானம் வழக்கமாக இணைத்தது அப்போதுதான். வின்சென்ட் இந்த விரிவுகளில் எல்லாம் முன்னால் நின்றார். நிறுவனத்தை ஓட்டும் பொறுப்பும் அவருடையது, புதிய வழிகளைப் பறந்து பார்த்து நிர்ணயிக்கும் பொறுப்பும் அவருடையது. ஜே.ஆர்.டி. டாட்டா குழுமத்தின் வேறு பல வேலைகளுக்கும் இழுக்கப்பட்டார். 1938-இல் குழுமத்துக்கே தலைவரானார். அன்றாடம் விமானங்கள் கிளம்புவதையும் இறங்குவதையும் தன் வேலையாகவே வைத்துக்கொண்டவர் வின்சென்ட். இந்த வேறுபாட்டைச் சொல்வது ஜே.ஆர்.டி.யின் புகழைக் குறைப்பதாகாது. இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடங்கியதில் வின்சென்ட்டின் பங்கை ஜே.ஆர்.டி. தன் வாழ்நாள் முழுவதும் மனம் திறந்து சொல்லிவந்தார். நாம்தான் கேட்காமல் விட்டுவிட்டோம்.

1939-இல் போர் வந்தது. விமானங்கள் அரசுப் பணிக்குத் திருப்பப்பட்டன. வின்சென்ட்டுக்கும் ஜே.ஆர்.டி.க்கும் இன்னொரு கனவு பிறந்தது. விமானங்களை ஓட்டினால் மட்டும் போதாது, இங்கேயே கட்ட வேண்டும். புனாவில் டாட்டா ஏர்கிராஃப்ட் என்ற பெயரில் ஆலை அமைக்கத் திட்டமிட்டார்கள். டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் போர் விமானங்களை அங்கே செய்வது என்று பேச்சு நடந்தது. லண்டனில் அதிகாரிகளோடு முடிவு செய்வதற்காக வின்சென்ட் இங்கிலாந்து சென்றார்.

1942 ஜனவரி. வேலை முடிந்தது, விரைவாக இந்தியா திரும்ப வேண்டும். கப்பலில் வந்தால் வாரக்கணக்கில் ஆகும், வழியெங்கும் நீர்மூழ்கிகள். பிரிட்டிஷ் வான்படையின் ஹட்சன் குண்டுவீச்சு விமானம் ஒன்று கிழக்கே கிளம்புவதாகக் கேள்விப்பட்டு அதில் ஒரு இடம் பிடித்துக்கொண்டார். பிரான்சின் கடலோரத்துக்கு அப்பால் அந்த விமானம் அழிந்தது. அதில் இருந்தவர்கள் திரும்பவில்லை. வின்சென்ட்டுக்கு நாற்பது வயதுகூட நிறைந்திருக்காது. மலை மழையில் ஒற்றை எஞ்சினோடு பத்தாண்டு பறந்தவர், வேறொருவர் ஓட்டிய விமானத்தில் பயணியாக இறந்தார்.

புனா ஆலையும் அவர் நினைத்தபடி வரவில்லை. போர் விமானத்துக்குப் பதிலாக எஞ்சின் இல்லாத கிளைடர்களைச் செய்யச் சொன்னது பிரிட்டிஷ் அரசு. பிறகு அதுவும் கைவிடப்பட்டது. வின்சென்ட் உயிரோடு திரும்பியிருந்தால் அந்தக் கதை வேறுவிதமாகப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். மூன்று ஆண்டு அரசின் மறுப்பைத் தாங்கி, அதை ஒப்பந்தமாக மாற்றிய பழக்கம் அவருக்கு உண்டு.

அவர் இறந்த அதே 1942-இல்தான் நம் வானம் முற்றிலும் மாறியது. ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசினார்கள். சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. அந்த ஆண்டின் நடுவில் புழல் ஏரியில், நாம் செங்குன்றம் ஏரி என்று சொல்வதில், பிரிட்டிஷ் வான்படையின் 240-ஆம் படைப்பிரிவு தன் கேட்டலினா நீர்விமானங்களோடு வந்து இறங்கியது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி போர் விமானத் தளமானது. சோழவரத்தில் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்து அது வெறுமையாகக் கிடந்தபோது சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்ப் பந்தயம் நடத்தியது. நம் தலைமுறையின் பெரியவர்கள் சோழவரம் என்றதும் ஏரியைவிடப் பந்தயத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அரக்கோணத்தில் போர்க்காலத்தில் அமைந்த ஓடுதளத்தின் மேல் 1992-இல் கடற்படையின் ராஜாளி தளம் எழுந்தது. திருவள்ளூர் வயலில் நின்று அண்ணாந்து பார்த்தால் அங்கிருந்து கிளம்பும் பெரிய கண்காணிப்பு விமானங்கள் இன்றும் தெரியும்.

போருக்குப் பிறகு, வின்சென்ட் 1929-இல் நடந்த வழியை ஒரு தலைமுறையே நடந்தது. அமெரிக்கா விட்டுச்சென்ற டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. வான்படையிலிருந்து விடுபட்ட விமானிகள் சீருடையை மாற்றிக்கொண்டு டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா, ஹிமாலயன் ஏவியேஷன் என்று புதிது புதிதாக முளைத்த நிறுவனங்களில் சேர்ந்தார்கள். 1949 ஜனவரியில் இரவுத் தபால் சேவை தொடங்கியபோது சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் டகோட்டாக்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. பெல்லாரியில் இருட்டுக்கு அஞ்சித் தங்கிய தபால், பதினேழு ஆண்டில் இரவிலேயே பறக்கத் தொடங்கிவிட்டது. போர் கற்றுக்கொடுத்த வித்தையைத் தபால் சுமக்கப் பயன்படுத்திய அந்த விமானிகளில் பலருடைய பெயர்கள் எந்த நூலிலும் ஏறவில்லை. 1953-இல் எட்டு நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அந்தக் காலம் முடிந்தது. டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இலேயே ஏர் இந்தியா என்று பெயர் மாறியிருந்தது. அதுவும் 1953-இல் அரசுடைமையாகி, 2022 ஜனவரியில் திரும்பவும் டாட்டாவிடம் வந்து சேர்ந்தது.

நினைவுகூர்தல் நடக்காமல் இல்லை. 1962-இலும், பிறகு தன் எழுபத்தெட்டாம் வயதில் 1982-இலும், ஜே.ஆர்.டி. பழைய காலத்துச் சிறு விமானம் ஒன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே பறந்து வந்தார். 2021 அக்டோபர் 15-இல் ஆரோஹி பண்டிட் என்ற இளம் பெண் விமானி புஜ் நகரிலிருந்து அகமதாபாத் வழியாக ஜூஹுவுக்குச் சிறு விமானத்தில் பறந்து அந்த நாளைப் போற்றினார். மூன்றும் பெருமைக்குரியவை. மூன்றும் ஜூஹுவில் முடிந்தன. பம்பாயிலிருந்து பெல்லாரி, பெல்லாரியிலிருந்து சென்னை என்ற மீதிப் பாதியை இதுவரை யாரும் பறந்து நினைவுகூரவில்லை என்றால், அதைச் செய்ய வேண்டியவர்கள் தமிழர்கள்தான். சென்னை ஃபிளையிங் கிளப்பின் மரபு நமக்கு உண்டு. தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சித் தளம் உண்டு. நூறாண்டு நிறைவு 2032-இல் வருகிறது. அதற்குள் ஒரு சிறு விமானம் பெல்லாரியிலிருந்து கிளம்பி நகரி மூக்கையும் திருத்தணியையும் திருவள்ளூரையும் கடந்து மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். மீனம்பாக்கம் முனையத்தில் நெவில் வின்சென்ட் பெயரில் ஒரு கல்வெட்டு வேண்டும். விமான நிலையத்தை நிர்வகிப்பவர்களிடம் இதை இந்தத் தொடரின் வழியாகவே கேட்கிறேன்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாரிமுனை வணிகக் குடும்பங்களிலும், பழைய வக்கீல் வீடுகளிலும், தபால்தலை சேகரிப்பவர்களிடமும் 1932, 1933-ஆம் ஆண்டு விமானத் தபால் உறைகள் இன்னும் இருக்கும். கராச்சி, பம்பாய், சென்னை முத்திரைகள் அவற்றின் மேல் தேதியோடு விழுந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நகல் எடுத்து இதழுக்கு அனுப்புங்கள். செங்குன்றம், சோழவரம், காரனோடை பக்கத்து ஊர்களில் கேட்டலினா விமானங்கள் ஏரியில் இறங்கியதைச் சிறுவயதில் கண்ட பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பேச்சைப் பதிவு செய்து அனுப்புங்கள். அவர்களுக்கெல்லாம் இப்போது தொண்ணூறு வயதுக்கு மேல், காத்திருக்க நேரம் இல்லை.

அடுத்த இதழில்: புழல் ஏரியில் இறங்கிய 240-ஆம் படைப்பிரிவு.